தகவல் உரைக்கு மார்க் போடுவது எப்படி: மொரீஷியஸ் வகுப்புக்கு எந்த முறை ஒத்துவரும்?

கல்லூரித் தமிழ் வகுப்பில் மாணவர்கள் ஆளுக்கு ஆறு நிமிடம் ஒரு தகவல் உரை ஆற்ற வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதிவிடுவது எளிது. அதற்கு எப்படி மார்க் போடுவது என்று வரும்போதுதான் ஆசிரியர் அறை இரண்டுபடும். "காதால் கேட்டாலே தெரிந்துவிடும், இதற்கு எதற்கு அட்டவணை?" என்பார் ஒரு மூத்தவர். இன்னொருவர் அமெரிக்காவில் புழங்கும் படிவம் ஒன்றை அப்படியே அச்செடுத்து வந்து நீட்டுவார். புதிதாகச் சேர்ந்தவர்கள், மாணவர்களே ஒருவருக்கொருவர் மார்க் போட்டுக்கொள்ளட்டும் என்பார்கள். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நம் தீவின் வகுப்பறைக்கு மூன்றும் ஒரே மாதிரி பொருந்தாது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேசுகிற பிள்ளைக்கும் கேட்கிற பிள்ளைக்கும் வீட்டில் பேச்சு கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி. படிப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். தமிழ் என்பது தாத்தா பாட்டி வழி வந்தது, கோயிலில் காதில் விழுவது, பள்ளியில் ஒரு பாடமாகப் படித்தது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் 1970-இல் தொடங்கப்பட்டதால் இங்கே தமிழை உயர்கல்வி வரை கொண்டுபோக ஒரு வழி கிடைத்தது. என்றாலும், சென்னைக் கல்லூரி மேடைக்கு வைக்கும் அளவை இங்கே வைத்தால் எல்லோரும் தோற்பார்கள். வெளிநாட்டார் ஆங்கிலப் பேச்சுக்கு வைக்கும் அளவை வைத்தால் மார்க் வரும், ஆனால் எதற்கு வந்தது என்று சொல்லத் தெரியாது.

முறைகளை ஒப்பிடும் முன் எதை அளக்கிறோம் என்பதைச் சரிசெய்துகொள்வோம். தகவல் உரை, கேட்பவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைக்க வேண்டும். அவருடைய மனத்தை மாற்றுவது அதன் வேலை இல்லை. நம் ரூபாய் நோட்டு விவகாரத்தை ஒரு மாணவர் தலைப்பாக எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன்பின் இந்தி என்று இருந்த வரிசை 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் மாறியது, தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய வரிசையில் புதியவை வந்தன. இதைக் கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னால் தகவல் உரை. "தமிழைக் கீழே இறக்க எவனாலும் முடியாது!" என்று முழங்கினால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் அது வேறு வகைப் பேச்சு. மார்க் போடுகிறவரும் தமிழர் என்பதால் இந்த இடத்தில் பேனா தானாகவே மேலே ஏறும். எந்த முறையைத் தேர்ந்தாலும் அது இந்த ஏற்றத்தைத் தடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மொத்தமாக ஒரே மார்க்

மூத்தவர் சொல்லும் வழி இது. பேச்சு முடிந்ததும் நூற்றுக்கு 62, 75 என்று ஓர் எண். நேரம் மிச்சம், தாள் மிச்சம். பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய காது பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். படை அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களை மதிப்பிடும்போது, ஒரு குணத்தில் உயர்வாகத் தோன்றியவருக்கு மற்றக் குணங்களிலும் உயர்வாகவே போட்டுவிடுகிறார்கள். நம் வகுப்பில் அந்த ஒரு குணம் பெரும்பாலும் ழகரம். பிரெஞ்சும் கிரியோலும் பழகிய நாக்குக்கு ர வேறு மாதிரி தொண்டையிலிருந்து வரும், ள-வும் ல-வும் ஒன்றாகிவிடும், ஷ என்பது ஸ ஆகிவிடும். இவற்றுக்கு நடுவில் ஒரு பிள்ளை "வாழைப்பழம்" என்று சுத்தமாகச் சொல்லிவிட்டால் போதும், நமக்கு மனம் குளிர்ந்துவிடும். அப்புறம் அவர் என்ன சொன்னார் என்பதை யார் கவனிக்கிறார்கள்?

கோயில் மண்டபத்தில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு இந்த முறையே போதும். அங்கே முதல் பரிசு யாருக்கு என்று முடிவானால் சரி, ஏன் என்று யாரும் எழுதிக் கேட்கப்போவதில்லை. வகுப்பில் அப்படி இல்லை. 62 வாங்கிய மாணவி மறுநாள் வந்து, 70 வாங்க என்ன செய்யணும் என்று கேட்பாள். மொத்த மார்க்கில் அதற்குப் பதில் கிடையாது.

அளவுகோல் அட்டவணை

இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். வரிசை வரிசையாகக் கூறுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு விளக்கம். இரண்டு மாதிரிகள் அதிகம் புழங்குகின்றன. அமெரிக்கத் தேசியத் தொடர்பியல் சங்கத்தின் படிவத்தில் எட்டுத் திறன்கள். முதல் நான்கு தலைப்பு, மையக் கருத்து, ஆதாரம், ஒழுங்கமைப்பு. அடுத்த நான்கு மொழி, குரல் ஏற்ற இறக்கம், உச்சரிப்பும் இலக்கணமும், உடல் அசைவு. அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009-இல் வெளியிட்ட வாய்மொழித் தொடர்பு அட்டவணை இன்னும் சுருக்கமானது: ஒழுங்கமைப்பு, மொழி, வெளிப்பாடு, துணைத் தகவல், மையச் செய்தி என்று ஐந்தே கூறுகள், நான்கு நிலைகள்.

இரண்டில் ஒன்றை எடுப்பதாக இருந்தால் ஐந்து கூறு கொண்டதை எடுங்கள். எட்டு வரிசை உள்ள தாளை வைத்துக்கொண்டு ஆறு நிமிடப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள், கண் தாளிலேயே இருக்கும், பேசுகிற பிள்ளை உங்கள் உச்சந்தலையைப் பார்த்துப் பேசும். அதைவிட முக்கியமாக, எட்டுக்கும் சம மார்க் கொடுத்தால் பாதி மார்க் சொல்லும் விதத்துக்கே போய்விடுகிறது. நம் வகுப்பில் மொழிக்கு ஒரு வரிசை, உச்சரிப்பும் இலக்கணமும் சேர்ந்து ஒரு வரிசை என்றால் அதே குறைக்கு இரண்டு தடவை அடி விழும். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை இதில் முன்கூட்டியே தோற்றுவிடுகிறது.

சொல்லும் விதத்துக்கு இவ்வளவு ஏன் என்று கேட்டால் உடனே ஒரு கணக்குச் சொல்வார்கள்: பேச்சில் 55 சதவீதம் உடல்மொழி, 38 சதவீதம் குரல், 7 சதவீதம்தான் சொற்கள். பயிற்சிப் பட்டறைகளில் இது சலிக்காமல் வரும். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. அங்கே அவர் பார்த்தது, ஒருவர் தன் விருப்பு வெறுப்பைக் காட்டும்போது சொல்லும் முகமும் குரலும் முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதை. கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது என்று ஒரு மாணவர் விளக்கும்போது அதில் 93 சதவீதம் கையாட்டலில் இருக்கிறது என்று நம்ப முடியுமா? இந்தக் கணக்கைக் காட்டி யாராவது உடல் அசைவுக்கு மார்க்கைக் கூட்டச் சொன்னால் தாராளமாக மறுக்கலாம்.

அட்டவணையின் உயிர் நிலை விளக்கங்களில் இருக்கிறது. "மிக நன்று, நன்று, சுமார்" என்று எழுதிவைத்தால் அது மொத்த மார்க்கையே ஐந்து துண்டாக நறுக்கியது போலத்தான். ஆதாரம் என்ற வரிசையை நான் இப்படி எழுதுவேன். மேல் நிலை: தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று பேச்சிலேயே சொல்கிறார், எண் வந்தால் அது பெரிதா சிறிதா என்று புரியவைக்கிறார். நடு நிலை: மூலம் சொல்கிறார், எண்ணை அப்படியே போட்டுவிட்டுப் போகிறார். கீழ் நிலை: "ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்", "பலர் நம்புகிறார்கள்". இதைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் கீழ் நிலைப் பக்கமே வரமாட்டார்கள்.

சொல்லும் விமர்சனம்

டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் வழி இது. 1924-இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய பேச்சுப் பயிற்சி இயக்கம். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நல்லதையும் திருத்த வேண்டியதையும் சொல்வார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் "ஆ", "ம்" எண்ணுவார். மாணவருக்கு இதில் கிடைக்கும் பலன் எந்தத் தாளிலும் கிடைக்காது, உடனே கிடைக்கிறது, மனிதக் குரலில் கிடைக்கிறது. ஆனால் மார்க்காக மாற்ற வராது.

எண்ணும் வேலையை மட்டும் நம் வகுப்பில் வேண்டாம் என்பேன். இங்கே "ஆ", "ம்" அதிகம் வராது, "பே" (வந்து), "சவேதிர்" (அதாவது) என்று கிரியோல்தான் வந்து விழும். அதை எண்ணத் தொடங்கினால் பிள்ளைகள் பயந்து முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். மனப்பாடம்தான் நமக்குப் பெரிய நோய். ஒரு சொல் தவறினால் வாக்கியத்தின் தலைக்கே திரும்பிப் போய் ஓட ஆரம்பிப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நடுவில் சொல் கிடைக்காமல் ஒரு "சவேதிர்" போட்டுவிட்டு வேறு வார்த்தையில் சொல்லி முடிப்பவர், யோசித்துக்கொண்டே பேசுகிறார். அவருக்கு ஏன் மார்க்கைக் குறைக்க வேண்டும்?

கைப்பேசியில் பதிவுசெய்து பேசியவரே பார்த்துக்கொள்வதும் இந்த வகைதான். பலன் உண்டு, மார்க் கிடையாது. அந்த வீடியோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டிரண்டாக ஒப்பிடுவது

"எண் போடாதே, இந்த இரண்டில் எது மேல் என்று மட்டும் சொல்" என்ற முறை. 1927-இல் தர்ஸ்டன் என்ற உளவியலாளர் வகுத்த கொள்கை, இப்போது கட்டுரைத் தாள்களுக்கு நன்றாகவே பயன்படுகிறது. பேச்சுக்குக் கணக்கு உதைக்கிறது. 24 பேர் என்றால் மொத்தம் 276 ஜோடிகள். எல்லாவற்றையும் பார்க்காமல், ஒவ்வொரு பேச்சும் பத்து ஒப்பீட்டில் வந்தால் போதும் என்று வைத்தாலும் 120 ஜோடிகள். ஒரு ஜோடிக்குப் பன்னிரண்டு நிமிட வீடியோ. மொத்தம் 24 மணி நேரம். அடுத்ததைப் பார்ப்போம்.

சக மாணவர்கள் போடும் மார்க்

வகுப்பு விழித்திருக்கும், அட்டவணையைப் பயன்படுத்திப் பார்ப்பதால் அடுத்து தான் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் தீவு சின்னது. ரோஸ்ஹில் பையனும் கத்ர்போர்ன் பெண்ணும் எப்படியாவது ஒன்றுவிட்ட உறவாக இருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரே கோயிலில் காவடி எடுத்தவர்களாக இருப்பார்கள். எல்லோருக்கும் எட்டு, பிடிக்காதவருக்கு ஏழு. எண் கேட்காமல் ஒரு வாக்கியம் கேட்டால் நிலைமை மாறுகிறது: "இந்தப் பேச்சில் எனக்குப் புரியாமல் போன இடம் எது?" இதற்கு முகத்தாட்சண்யம் பார்த்து எழுதுவது கஷ்டம்.

அந்த வாக்கியம்தான் அடுத்த முறைக்கு வழிகாட்டுகிறது. என் ஓட்டும் அதற்குத்தான்.

கேட்டவர்களிடம் கேட்பது

பேச்சு முடிந்ததும் கேட்டவர்களிடம் மூன்று கேள்வி. அவர்கள் எழுதும் விடை, பேச்சு வேலை செய்ததா என்று சொல்லும்.

ஒரே தலைப்பில் இரண்டு பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு: புயல் எச்சரிக்கை எண்கள். இங்கே பிறந்தவர் எவரும் "க்ளாஸ் த்ருவா" (மூன்றாம் எச்சரிக்கை) என்று வானொலியில் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. முதல் மாணவர் "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று தொடங்கி, இயற்கை அன்னையின் சீற்றத்தைச் சொல்லி, 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததைக் கண் முன்னால் கொண்டுவருகிறார். பின் நான்கு எச்சரிக்கைகளையும் அதிகாரபூர்வமான வாசகத்திலேயே ஒப்பிக்கிறார். தமிழ் அருவி. இரண்டாவது மாணவி தடுமாறுகிறாள். "காற்று 120 வரும்" என்கிறாள், கிலோமீட்டரை விட்டுவிடுகிறாள், பிறகு திருத்துகிறாள். ஆனால் பலகையில் ஒரு கோடு போட்டு, கோட்டின் கடைசியில் 120 என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு சூரியன் வரைகிறாள். "இந்த எண் புயல் எவ்வளவு பெரியது என்று சொல்லாது. நமக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று சொல்லும். இரண்டு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசும் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் பகல் வெளிச்சம் கிடைக்கப் பார்ப்பார்கள். மூன்று என்றால் ஆறு மணி நேரம். ஏன் பகல்? ஜன்னலுக்குப் பலகை அடிக்க வெளிச்சம் வேண்டும்." நான்காவது, அந்த வேகக் காற்று வீசத் தொடங்கிவிட்டது, இன்னும் வீசும் என்பதற்கு.

இப்போது கேள்வி: புயல் கொஞ்சம் வலுவிழந்தபடியே நெருங்கி வருகிறது, எச்சரிக்கை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறலாமா? ஏறலாம். அந்த வேகக் காற்று இன்னும் எதிர்பார்க்கப்பட்டால், நேரம் குறைவதால் எண் ஏறும். முதல் பேச்சைக் கேட்டவர்களில் பலர் "முடியாது" என்றுதான் எழுதுவார்கள், ஏனென்றால் எண் கூடினால் புயல் பெரிது என்ற எண்ணத்தோடு உள்ளே வந்தவர்கள் அதே எண்ணத்தோடுதான் வெளியே போகிறார்கள். மொத்த மார்க் முறையில் முதலாமவருக்கு 80, மாணவிக்கு 55. அட்டவணையில் இடைவெளி குறையும், ஆனால் வரிசை மாறாது. கேட்டவர்களிடம் கேட்டால்தான் தலைகீழாகிறது.

ஆசிரியருக்கு இது ஏன் முன்பே தெரியவில்லை என்றால், அவருக்கு அந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். பேச்சில் விட்டுப்போனதை அவர் மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. போதாக்குறைக்கு அவருடைய தமிழ் வகுப்பின் தமிழைவிடப் பல படி மேலே. மாணவர் பயன்படுத்தும் உயர்ந்த சொற்கள் அவருக்கு இனிக்கும், பக்கத்து இருக்கைக்குப் புரியாது. தமிழ்நாட்டு வகுப்பில் இந்த இடைவெளி சின்னது, நமக்குப் பள்ளத்தாக்கு. கேட்போர் சோதனையை வலியுறுத்த எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எதிர்ப்புகளும் உண்டு. கேட்டவர் தூங்கினால் பேசியவர் மார்க் இழக்கலாமா? கடினமான தலைப்பை எடுத்தவருக்குத் தண்டனையா? ரெயூனியன் தீவில் 1841-இல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற அடிமைச் சிறுவன் வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வது எளிது, அந்தப் பூவுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை எப்படி விலக்குவது என்று விளக்குவது கடினம். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கேள்வி வைத்தால் எல்லோரும் கதை சொல்ல ஓடிவிடுவார்கள். ஆகவே இந்தச் சோதனைக்கு மட்டும் முழு மார்க்கையும் ஒப்படைக்கச் சொல்லமாட்டேன்.

என் தேர்வு

நான்கு வரிசை கொண்ட அட்டவணையும் கேட்போர் விடைகளும் சேர்ந்தது. நூறில் ஒழுங்குக்கும் மையக் கருத்துக்கும் 25, விளக்கத்துக்கும் ஆதாரத்துக்கும் 30, கேட்பவருக்கு ஏற்ற மொழிக்கு 20, குரலும் நேரமும் 10, மிச்சம் 15 கேட்போர் விடைகளுக்கு. மொழி வரிசையில் உச்சரிப்பும் அடங்கும், ஆனால் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வகுப்புக்குப் புரிந்ததா? ழகரம் வழுக்கியதால் பொருள் மாறினால் குறையுங்கள், மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். 15 குறைவாகத் தெரியலாம். அதன் முக்கிய வேலை ஆசிரியரின் பேனாவைப் பிடித்து நிறுத்துவது. அட்டவணையில் 30-க்கு 27 போட்டுவிட்டு விடைத்தாளில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தால் அந்த 27-ஐத் திரும்பப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கேள்விகளைப் பேசுபவர் எழுதக் கூடாது, மிக எளிதாக எழுதிவிடுவார். முந்தைய நாளே அவர் தரும் சுருக்கத்தை வைத்து ஆசிரியர் எழுத வேண்டும். ஒன்று நேரான தகவல், ஒன்று ஏன் அல்லது எப்படி, ஒன்று புயல் கேள்வி மாதிரி புது நிலைமையில் பொருத்திப் பார்ப்பது. தலைப்பின் கடினத்தை ஆசிரியர் இங்கே சரிக்கட்டிக்கொள்ளலாம்.

எல்லோரும் விடை எழுதினால் 24 பேச்சுக்கு 552 தாள் திருத்த வேண்டிவரும், யாரும் இரண்டாம் தடவை இந்த முறைப் பக்கம் வரமாட்டார்கள். பேச்சு முடிந்தபின் சீட்டுக் குலுக்கி ஆறு பேரை எடுங்கள், 144 சின்னத் தாளில் முடிந்துவிடும். தன் பெயர் வரலாம் என்ற பயத்தில் எல்லோரும் கேட்பார்கள், தூங்கும் பிரச்சினையும் பாதி தீர்ந்தது. பேச்சுக்கு ஆறு நிமிடம், விடைக்கு மூன்று, ஆசிரியர் அட்டவணையை நிரப்ப மூன்று. ஐம்பது நிமிட வகுப்பில் நான்கு பேர், ஆறு வகுப்பில் எல்லோரும்.

விடையைக் கிரியோலில் எழுத விடுங்கள். தமிழ் வகுப்பில் இதென்ன என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அளப்பது பேசியவரின் தமிழ் கேட்டவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதை, கேட்டவரின் எழுத்துத் தமிழை இல்லை. தமிழில் எழுதச் சொன்னால் புரிந்தும் எழுத வராதவர் வெறும் தாள் தருவார், அந்த வெறுமை பேசியவர் கணக்கில் ஏறும்.

இறுதியாண்டுத் தேர்வில்தான் இந்த ஏற்பாடு முட்டும். அங்கே அறையில் இரண்டு தேர்வாளர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள், இருவருக்கும் எல்லாம் தெரியும். நிர்வாகம் ஒப்புக்கொண்டால் முதலாண்டு மாணவர்கள் ஆறு பேரை அழைத்துப் பின்வரிசையில் உட்காரவைக்கலாம், வருங்காலத்தில் தாங்களும் பேச வேண்டியவர்கள் என்பதால் வருவார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த 15 மார்க்கை விளக்கத்துக்கும் ஆதாரத்துக்கும் உள்ள வரிசையோடு சேர்த்துவிட்டு, இரண்டு தேர்வாளர்களும் தனித்தனியே அட்டவணையை நிரப்பி, வித்தியாசம் பத்துக்கு மேல் போனால் மட்டும் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.